டார்ச் லைட் எரியாவிட்டால் பழுதைக் கண்டறியும் முறை

டார்ச் லைட் எரியவில்லை என்றதும் பெரும்பாலோர் முதலில் புதிய செல்களை வாங்கிப் போட்டுப் பார்க்கிறார்கள். அப்போதும் எரியாவிட்டால் பல்ப் போய்விட்டது என்று முடிவுகட்டி டார்ச்சையே ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் செல்லும் நன்றாக இருந்து, பல்பும் நன்றாக இருந்து, அவற்றை இணைக்கும் வழியில் எங்கோ ஓரிடத்தில் துருவோ களிம்போ தளர்வோ ஏற்பட்டிருப்பதுதான் வீட்டு டார்ச்சுகளில் அடிக்கடி காணப்படும் பழுது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், சரிசெய்வது பெரும்பாலும் துடைப்பதும் இறுக்குவதுமான சிறிய வேலையாகவே முடிந்துவிடும். ஆகவே பாகங்களை மாற்றும் முறையைவிட, பழுது ஒளிந்திருக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கும் முறைக்கே இங்கு அதிக இடம் தரப்பட்டுள்ளது.

இதற்குத் தேவையான பொருட்கள் அதிகமில்லை. நன்றாக இருப்பது உறுதியான ஒரு செட் செல்கள், இரு முனைகளிலும் மேலுறை உரிக்கப்பட்ட ஒரு சாண் ஒயர், பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர், மெல்லிய உப்புத்தாள், பஞ்சு சுற்றிய குச்சிகள், சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஆகியவை போதும். வோல்ட்டையும் தடையையும் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் வேலை விரைவாக முடியும். இல்லாவிட்டாலும் கீழே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

மின்சாரம் செல்லும் பாதை

இழை பல்ப் போட்ட பழைய உலோக டார்ச்சை எடுத்துக்கொண்டால், மின்சாரம் செல்லின் நேர்முனைக் குமிழிலிருந்து புறப்பட்டு, பல்பின் அடியில் உள்ள ஈயப் புள்ளியைத் தொட்டு, உள்ளே இருக்கும் இழை வழியாகப் பல்பின் உலோகக் கழுத்துக்கு வருகிறது. அங்கிருந்து பல்பைச் சூழ்ந்த பளபளப்பான கிண்ணமான ரிஃப்ளெக்டர் அல்லது ஒரு பித்தளைத் தகட்டின் வழியாக ஸ்விட்சுக்கும், ஸ்விட்சிலிருந்து உலோகக் குழாய்க்கும், குழாயின் மரைகள் வழியாகப் பின்மூடிக்கும் போய், மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் மூலம் செல்லின் அடிப்பகுதியை அடைகிறது. பிளாஸ்டிக் உடல் கொண்ட டார்ச்சில் குழாய்க்குப் பதிலாக உட்புறத்தில் ஒரு நீண்ட தகடு ஓடும். எல்.இ.டி. டார்ச்சிலும் பாதை ஏறத்தாழ இதுவேதான். பல்ப் இருக்கும் இடத்தில் எல்.இ.டி. பொருத்தப்பட்ட சிறிய பலகையும், அதற்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்திக் கொடுக்கும் டிரைவர் என்ற மின்சுற்றும் இருக்கும். பின்மூடியிலேயே பொத்தான் இருக்கும் வகையில், ஸ்விட்ச் பாதையின் கடைசிக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பாதையில் ஓர் உலோகம் மற்றோர் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும் இடங்களை எண்ணிப் பார்த்தால் ஆறேழு தேறும். அவற்றில் எதுவும் பற்றவைக்கப்படவில்லை. ஸ்பிரிங்கின் அழுத்தத்தையும் மரையின் இறுக்கத்தையும் நம்பியே அவை இயங்குகின்றன. ஓரிடத்தில் களிம்பு படிந்து வெறும் அரை ஓம் தடை கூடிவிட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அரை ஆம்பியர் எடுக்கும் பல்பாக இருந்தால் அந்த இடத்திலேயே கால் வோல்ட் வீணாகும். இரண்டு செல்கள் தரும் 3 வோல்ட்டில் கால் வோல்ட் பெரிய இழப்பாகத் தோன்றாது. ஆனால் இழை பல்பின் ஒளி வோல்ட் குறையும் விகிதத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையக்கூடியது என்பதால், வெளிச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். செல் புதிதாக இருந்தும் டார்ச் மங்கலாக எரிவதன் விளக்கம் பல வேளைகளில் இதுதான்.

கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சில டார்ச்சுகளில் பழுதே இருக்காது. புதிதாக வாங்கிய டார்ச்சில் செல்லுக்கும் அதன் முனைக்கும் இடையே, அனுப்பும்போது தற்செயலாக எரிந்துவிடாமல் இருப்பதற்காக, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வில்லையைத் தொழிற்சாலையிலேயே வைத்திருப்பார்கள். அதை எடுக்காதவரை டார்ச் எரியாது. மின்னணுப் பொத்தான் கொண்ட டார்ச்சுகள் பலவற்றில் பூட்டு வசதியும் உண்டு. பொத்தானைத் தொடர்ந்து சில முறை தட்டினாலோ சில விநாடிகள் அழுத்திப் பிடித்தாலோ பூட்டு விழும், அதேபோல் விலகும். எத்தனை தட்டு என்பது அதனுடன் வந்த தாளில் இருக்கும்.

செல்கள் போடப்பட்டிருக்கும் திசையையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இழை பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான். எல்லாச் செல்களையும் தலைகீழாகப் போட்டாலும், முனைகள் தொட்டுக்கொண்டிருந்தால் அது எரியும். எல்.இ.டி. அப்படியல்ல, ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும். டிரைவர் உள்ள டார்ச்சில் லித்தியம் செல்லைத் தலைகீழாகப் போட்டால் டிரைவரே பழுதாகவும் வாய்ப்புண்டு. நேர்முனையில் குமிழ் இல்லாமல் தட்டையாக இருக்கும் 18650 என்ற அளவு லித்தியம் செல்கள், சில டார்ச்சுகளின் உள்முனையை எட்டாமலே நின்றுவிடும்; தலைகீழாகப் போடுவதைத் தடுப்பதற்காக உள்முனையைச் சற்றுப் பள்ளத்தில் வைத்திருப்பார்கள், அந்தப் பள்ளத்துக்குள் இறங்கத் தட்டை முனையால் முடியாது.

இதன்பின் டார்ச்சைப் போட்டுவிட்டு அதன் நடத்தையைக் கவனிக்க வேண்டும். உள்ளங்கையில் தட்டும்போது எரிந்து அணைந்தால் அது லூஸ் கான்டாக்ட். செல்லின் மேல் பழிபோட வேண்டியதில்லை. போட்டவுடன் பளிச்சென்று எரிந்து, ஒரு நிமிடத்துக்குள் மங்கத் தொடங்கினால் செல்கள் ஓய்ந்துவிட்டன. தொடக்கத்திலிருந்தே ஒரே அளவாக மங்கி எரிந்தால் பாதையில் எங்கோ தடை கூடியிருக்கிறது. பின்மூடியை ஓரத்தில் அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் கூடுகிறது என்றால் மரையையோ ஸ்பிரிங்கையோ சந்தேகிக்கலாம். லித்தியம் செல் போட்ட டார்ச் ஒரு கணம் மின்னிவிட்டு அணைந்தாலோ, சீராகக் கண்சிமிட்டினாலோ, சார்ஜ் குறைந்துவிட்டதை டிரைவர் அறிவிப்பதாகவே பெரும்பாலும் கொள்ளலாம். சற்றும் அசைவின்றி இருளாகவே இருந்தால்தான் பாதை முழுவதையும் சோதிக்க வேண்டியிருக்கும்.

செல்களைச் சோதித்தல்

செல்லைத் தனியே எடுத்து மல்டிமீட்டரில் அளந்து, 1.4 வோல்ட் காட்டுகிறது, ஆகவே நல்லது என்று ஏமாந்துபோவது மிக எளிது. வேலை செய்யாமல் ஓய்ந்திருக்கும்போது நல்ல அளவைக் காட்டிவிட்டு, பல்பின் சுமை ஏறியதும் சரிந்துவிடும் செல்கள் உண்டு. ஆகவே டார்ச்சைப் போட்ட நிலையில் அளப்பதுதான் முறை. அமைப்பு அதற்கு இடம்தராவிட்டால், டார்ச்சைச் சில நிமிடங்கள் எரியவிட்டு உடனே கழற்றி அளக்கலாம். புதிய ஆல்கலைன் செல் சுமையின்றி 1.5 முதல் 1.6 வோல்ட் வரை காட்டும், சுமையோடு 1.1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதை மாற்றிவிடலாம். சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்லின் இயல்பான அளவே 1.2 வோல்ட்தான், சாதாரண செல்லுக்குப் பதிலாக அதைப் போட்டதும் இழை பல்ப் கொஞ்சம் மங்கி எரிந்தால் அது பழுதல்ல.

ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளக்க வேண்டும். மூன்று செல்களில் இரண்டு நன்றாக இருந்து ஒன்று மட்டும் தீர்ந்திருந்தாலும் டார்ச் எரியாமல் போகலாம். அதைவிடக் கேடு, மற்ற இரண்டும் சேர்ந்து தீர்ந்துபோன செல்லுக்குள் மின்சாரத்தைத் தொடர்ந்து தள்ளி அதன் முனைகளையே மாற்றிவிடும், அப்போது செல் உள்ளே வாயு சேர்ந்து கசியத் தொடங்கும். பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து போடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆல்கலைன் செல்லைச் சிறு உயரத்திலிருந்து மேசைமேல் விட்டு, அது துள்ளினால் தீர்ந்துவிட்டது என்று கூறும் ஒரு சோதனை பரவலாக உள்ளது. செல் தீரத்தீர உள்ளிருக்கும் துத்தநாகக் குழைவு ஆக்சைடாக மாறிக் கெட்டிப்படுவதால் துள்ளல் கூடுவது உண்மைதான். ஆனால் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாதி சார்ஜ் மிச்சமிருக்கும்போதே துள்ளல் உச்சத்தை எட்டிவிடுகிறது. எனவே துள்ளாத செல் புதியது என்று நம்பலாமே தவிர, துள்ளும் செல் தீர்ந்துவிட்டது என்று எறிய வேண்டாம். செல்லைச் சூடாக்குவது அல்லது நசுக்குவது போன்ற உபாயங்கள் சில நிமிட வெளிச்சத்தைத் தரலாம். பதிலுக்குக் கசிவை விரைவுபடுத்தும்.

பின்மூடியைத் தாண்டிச் சோதித்தல்

எல்லாச் சோதனைகளிலும் இதுவே எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது, ஏனெனில் ஒரே செயலில் டார்ச்சை இரு பாதிகளாகப் பிரித்து, பழுது எந்தப் பாதியில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. நல்ல செல்களைப் போட்டுவிட்டு, பின்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, டார்ச்சின் முகம் கீழே இருக்கும்படி நிறுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் செல்கள் தம் எடையால் முன்முனையில் அமரும். பக்கவாட்டில் ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட வேண்டும். பிறகு ஒயரின் ஒரு முனையை மேலே தெரியும் செல்லின் தட்டையான அடியிலும், மறுமுனையைக் குழாயின் உலோக விளிம்பிலும் அழுத்தித் தொட வேண்டும். பிளாஸ்டிக் உடலாக இருந்தால் வாயருகே வந்து முடியும் தகட்டின் நுனியில் தொட வேண்டும்.

விளக்கு எரிந்தால் செல்கள், பல்ப், முன்பக்கத் தொடர்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. பழுது பின்மூடியிலோ அதன் ஸ்பிரிங்கிலோ மரையிலோ, அங்கே பொத்தான் இருந்தால் அந்தப் பொத்தானிலோதான். எரியாவிட்டால் பின்மூடியை விட்டுவிட்டு முன்பக்கத்தை ஆராயலாம். வண்ணப் பூச்சேறிய அலுமினிய டார்ச்சுகளில் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது என்பதை மறந்துவிடக் கூடாது. குழாயின் வெட்டப்பட்ட வாய்விளிம்பில் மட்டும் வெறும் உலோகம் தெரியும், அங்கேதான் தொட வேண்டும். லித்தியம் செல்லாக இருந்தால் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். உள்ளே எங்காவது ஷார்ட் ஆகியிருந்தால் ஒயர் உடனே சூடாகிவிடும். அப்படிச் சூடானால் சோதனையை அத்துடன் நிறுத்திச் செல்லை வெளியே எடுத்துவிட வேண்டும்.

முன்பக்கத்தில் பழுது என்று தெரிந்தால், இழை பல்பைக் கழற்றி நேரடியாகச் சோதிக்கலாம். ஒயரைச் செல்லின் அடியில் பிடித்து, மறுமுனையைப் பல்பின் கழுத்தில் சுற்றி, பல்பின் அடிப்புள்ளியைச் செல்லின் குமிழில் வைத்தால் அது எரிய வேண்டும். இரண்டு செல்களுக்கான பல்ப் ஒரே செல்லில் மங்கலாகத்தான் எரியும். வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும் என்பதால், தனி எல்.இ.டி.யை ஒற்றைச் செல்லில் இப்படிச் சோதிப்பதில் பயனில்லை. ஒரே ஒரு சாதாரண செல்லில் இயங்கும் எல்.இ.டி. டார்ச்சில் வோல்ட்டை உயர்த்தித் தரும் சிறு மின்சுற்று கட்டாயம் இருக்கும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பீப் ஒலி எழுப்பும் கன்டினியூட்டி நிலையில் வைத்துத் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டார்ச்சைப் பொறுத்தவரை அதை நம்புவது சரியல்ல. பல மீட்டர்கள் 30 ஓம் தடை இருந்தாலும் பீப் ஒலி எழுப்பும். டார்ச்சுக்கோ ஒரு ஓம் தடையே அதிகம். அதைவிடச் சிறந்த வழி, விளக்கைப் போட்ட நிலையில் மீட்டரை 2 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து, சந்தேகத்துக்குரிய இணைப்பின் இரு பக்கங்களிலும் தொட்டு, அங்கே எவ்வளவு வோல்ட் தங்கிவிடுகிறது என்று பார்ப்பது. நல்ல இணைப்பில் ஏறத்தாழ பூச்சியம் காட்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். விளக்கு எரியாமலிருக்க, செல்களின் முழு வோல்ட்டும் ஓரிடத்தில் தெரிந்தால், பாதை அறுந்திருப்பது அந்த இடத்தில்தான். இப்போது மீட்டரில் அளவு எல்லையைத் தாண்டும் என்பதால் 20 வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

தொடும் முனைகளைச் சுத்தம் செய்தல்

பித்தளைத் தகடுகள், பல்பின் அடிப்புள்ளி, செல்லின் இரு முனைகள் ஆகியவற்றைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே மெல்லிய படிவு போய்விடும். கருத்தோ பச்சைக் களிம்பு ஏறியோ இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். ஸ்பிரிங்குகளுக்கு உப்புத்தாளைப் பயன்படுத்தத் தயங்க வேண்டும்: அவை பெரும்பாலும் நிக்கல் பூசிய எஃகு; பூச்சு உரிந்துவிட்டால் முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். துரு முன்பே ஏறிவிட்ட ஸ்பிரிங்கில் இழப்பதற்கு எதுவுமில்லை, அதை மட்டும் தேய்க்கலாம். எல்லாவற்றையும் தேய்த்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்துத் தூளை அகற்றுவது அவசியம். மரைகளில் சேர்ந்திருக்கும் கறுப்புப் பசையையும் அதே பஞ்சால் எடுத்துவிட வேண்டும். பல டார்ச்சுகளில் மரையும் வாய்விளிம்பும் பாதையின் பகுதிகள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அமுங்கிப்போன ஸ்பிரிங்கை விரல்களால் மெல்ல இழுத்துச் சற்று நீட்டினால் அழுத்தம் திரும்பும். உள்நோக்கி மடங்கிய தகட்டை இடுக்கியால் செல்லின் பக்கமாக லேசாக வளைத்துவிடலாம். இடைவெளியை நிரப்ப அலுமினியத் தாளை மடித்துச் செருகுவது அவசரத்துக்கு உதவும். நிரந்தரமாக விட்டுவைத்தால் அது நழுவி வேறு இடத்தைத் தொட்டு ஷார்ட் ஆக்கலாம், ஈரத்தில் மற்ற உலோகத்தோடு சேர்ந்து அரிக்கவும் செய்யும். ரிஃப்ளெக்டரின் உட்புறத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் துணியால் துடைக்க வேண்டாம். அந்தப் பளபளப்பு மிக மெல்லிய அலுமினியப் படலம். ஒருமுறை கீறல் விழுந்தால் போனது போனதுதான்.

செல் கசிந்திருந்தால்

மூடியைத் திறக்கும்போது முனைகளில் வெண்ணிறப் பொடி படிந்திருந்தால், அது ஆல்கலைன் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியேறி, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து உண்டான பொட்டாசியம் கார்பனேட். ஈரமாக இருக்கும் கசிவு தோலை எரிக்கும். கண்ணில் பட்டால் கடும் தீங்கு விளைவிக்கும். எனவே கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, பொடியை ஊதாமல், காய்ந்த பஞ்சால் இயன்றவரை எடுத்துவிட்டு, வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தோய்த்த பஞ்சால் துடைக்க வேண்டும். நுரைத்துப் பொங்குவது நின்றதும் காரம் முறிந்துவிட்டது என்று பொருள். அதன்பின் சற்று நீரில் நனைத்த பஞ்சாலும், கடைசியில் ஆல்கஹாலாலும் துடைத்து நன்கு உலரவிட வேண்டும். அமிலம் மிச்சமிருந்தால் அதுவே அடுத்த அரிப்பைத் தொடங்கிவைக்கும். சாதாரண துத்தநாக-கார்பன் செல்லின் கசிவு இதற்கு மாறாக அமிலத் தன்மை கொண்டது; அதற்கு வினிகர் உதவாது, நீரில் குழைத்த சமையல் சோடாதான் தேவை.

வீங்கிய செல் குழாய்க்குள் சிக்கிக்கொண்டால் பதற்றப்படாமல், அது ஆல்கலைன் செல்தானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆம் எனில், பல்ப் பகுதியைக் கழற்றிவிட்டு, குழாய்க்குள் வினிகரை ஊற்றிச் சில மணி நேரம் நிற்கவைத்து, பிறகு மரக்கட்டையில் தட்டினால் பெரும்பாலும் நெகிழ்ந்துகொடுக்கும். சூடாக்குவதும் துளையிடுவதும் ஆகாது. சிக்கியது லித்தியம் செல்லாக இருந்தால் இந்த முயற்சி எதையும் செய்யாமல், டார்ச்சோடு சேர்த்து மின்கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படைப்பதே நல்லது. ஆல்கலைன் கசிவு அலுமினியத்தை அரித்துத் தின்னக்கூடியது. குழாயின் உட்சுவர் குழிகுழியாகிவிட்டிருந்தால் அந்த டார்ச்சுக்காக மேலும் உழைப்பது வீண்.

ஸ்விட்ச்

நகர்த்தும் ஸ்விட்ச் எளிமையானது: ஒரு பித்தளை நாக்கு இன்னொரு தகட்டின் மேல் ஏறி அமர்கிறது. நாக்கு வளைந்திருந்தால் நிமிர்த்தலாம். கருத்திருந்தால் மின்தொடர்பு சுத்திகரிப்பு ஸ்பிரேயைச் சிறிது பீய்ச்சி, ஸ்விட்சைப் பலமுறை முன்னும் பின்னும் தள்ளினால் உரசலிலேயே படிவு போய்விடும். சாதாரண மசகு எண்ணெய் இதற்கு ஏற்றதல்ல, தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும்.

பின்மூடிப் பொத்தானை எடுக்க, மூடிக்குள் இரண்டு சிறு துளைகளுடன் தெரியும் வளையத்தில் கூர்மூக்குக் குறட்டின் நுனிகளைச் செருகித் திருப்ப வேண்டும். அந்த வளையம் தளர்ந்திருப்பதே பல வேளைகளில் பழுதாக இருக்கும் என்பதால், கழற்றுவதற்கு முன் இறுக்கிப் பார்ப்பது நல்லது. ஸ்பிரிங், வாஷர், ரப்பர் மூடி ஆகியவை வரும் வரிசையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டால் திரும்பப் பொருத்தும்போது குழப்பமிருக்காது. உள்ளே இருக்கும் பொத்தானைப் பழுதுபார்க்க இயலாது. அதே அளவில் வேறொன்றை வாங்கி ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

மின்னணுப் பொத்தான் கொண்டவற்றில் வேறொரு சிக்கல் உண்டு. பொத்தான் அழுத்தப்படுவதை உணர்வதற்காக டிரைவர் எப்போதும் விழித்திருப்பதால், டார்ச் அணைந்திருக்கும்போதும் சிறிதளவு மின்சாரம் செலவாகிக்கொண்டே இருக்கும். பயன்படுத்தாமலே செல் தீர்ந்துவிடுகிறது என்ற குறைக்கு இது காரணமாக இருக்கலாம். வைக்கும்போது பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டால் பல டார்ச்சுகளில் இந்தச் செலவு நின்றுவிடும்.

பல்பும் எல்.இ.டி.யும்

இழை அறுந்திருந்தால் கண்ணாலேயே காணலாம். கண்ணாடியின் உட்புறம் கருத்திருந்தால் பல்ப் தன் ஆயுளின் கடைசியில் இருக்கிறது. மாற்றும்போது செல்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற வோல்ட் உள்ள பல்பையே போட வேண்டும். பி.ஆர். வகைப் பல்புகளில் இரண்டு செல்லுக்கு 2.38 வோல்ட்டில் எரியும் பி.ஆர்.2, மூன்று செல்லுக்கு 3.57 வோல்ட்டில் எரியும் பி.ஆர்.3 என்று தனித்தனியே உள்ளன. தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இவற்றை மாற்றிப் போட்டால் ஒன்று உடனே எரிந்துபோகும், இல்லாவிட்டால் மங்கலாக எரியும்.

எல்.இ.டி. தானாகவே செத்துப்போவது அரிது. அதைப் பலகையோடு இணைக்கும் ஈயப்பற்று விரிசல் விடுவதும், டிரைவர் கெடுவதும், ஒயர் அறுந்துபோவதும்தான் அதிகம், குறிப்பாகக் கீழே விழுந்த டார்ச்சில். பலகையை ஒரு மரக்குச்சியால் அங்கங்கே மெல்ல அழுத்தும்போது வெளிச்சம் வந்தால் ஈயப்பற்றுதான் காரணம். சூடான சால்டரிங் இரும்பை வைத்து மீண்டும் உருக்கினால் சரியாகிவிடும். இந்தச் சோதனையின்போது எல்.இ.டி.யை நேராகப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சிறு எல்.இ.டி.கள் பல உள்ள டார்ச்சில் ஒன்றிரண்டு மட்டும் எரியாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். டிரைவர் போய்விட்டது என்று உறுதியானால், அதை மட்டும் மாற்ற முயல்வதைவிடத் தலைப்பகுதி முழுவதையும் மாற்றுவதே எளிது. அது தனியாகக் கிடைக்காத மலிவு டார்ச்சுகளுக்கு இந்த உழைப்பு தகாது.

சார்ஜ் ஏற்றும் டார்ச்சுகள்

உடலிலேயே பிளக் முள்கள் நீட்டிக்கொண்டிருக்கும் டார்ச்சுகளிடம் தனி எச்சரிக்கை தேவை. அவற்றில் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெப்பாசிட்டரின் மூலம் வீட்டு மின்சாரத்தையே குறைத்து பேட்டரிக்கு அனுப்புகிறார்கள். ஆகவே சாக்கெட்டில் செருகியிருக்கும்போது உள்ளிருக்கும் பேட்டரி உட்பட எல்லாப் பாகங்களும் ஷாக் அடிக்கக்கூடியவை. செருகிய நிலையில் திறப்பதோ, அளப்பதோ, விரிசல் விட்ட உடலோடு பயன்படுத்துவதோ கூடாது. பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால் சில நிமிடங்கள் கழித்தே திறக்க வேண்டும், முள்களையும் தொடக் கூடாது.

இவ்வகையில் பெரும்பாலும் 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி இருக்கும். இதைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியான படிகங்களாக உறைந்து, மீண்டும் சார்ஜ் ஏற்றுக்கொள்ளும் திறனைப் பேட்டரி இழந்துவிடும். முழுமையாகச் சார்ஜ் செய்து, ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து, மின்இணைப்பு இல்லாத நிலையில் அளக்கும்போது 4 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். டார்ச்சைப் போட்டதும் 3.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியை மாற்றிவிடலாம். அதே வோல்ட்டில் ஈய-அமில பேட்டரியையே போட வேண்டும். அளவு பொருந்துகிறது என்பதற்காக லித்தியம் செல்லைச் செருகினால், அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறியாத அந்தச் சார்ஜர் அளவுக்கு மீறி ஏற்றித் தீப்பிடிக்கச் செய்யக்கூடும்.

யு.எஸ்.பி. வழியே சார்ஜ் ஏறும் டார்ச் ஏற மறுத்தால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். டைப்-சி துளை உள்ள மலிவு டார்ச்சுகள் சிலவற்றில், மின்சாரம் கேட்பதற்கான இரு சிறு ரெசிஸ்டர்களை வைக்காமலே விட்டுவிடுகிறார்கள். இரு முனைகளும் டைப்-சி ஆக உள்ள கேபிளில் அவை ஏறாது, மறுமுனை பழைய அகலமான யு.எஸ்.பி. ஆக உள்ள கேபிளில் ஏறும். துளைக்குள் அடைந்திருக்கும் பஞ்சைப் பல்குத்தும் மரக்குச்சியால் எடுத்துவிடுவதும் பலன் தரும்.

தனியே எடுக்கக்கூடிய லித்தியம் செல் பூச்சிய வோல்ட் காட்டினால் உடனே செத்துவிட்டது என்று கொள்ள வேண்டாம். பாதுகாப்புச் சுற்று உள்ள செல்லாக இருந்தால் அந்தச் சுற்று தொடர்பைத் துண்டித்திருக்கலாம், நல்ல சார்ஜரில் வைத்ததும் விடுபடும். பாதுகாப்புச் சுற்று இல்லாத செல் 2.5 வோல்ட்டுக்கும் கீழே நெடுநாள் கிடந்திருந்தால், அதை உயிர்ப்பிக்க முயல்வது ஆபத்து. வீங்கிய செல், மேலுறை கிழிந்த செல், சார்ஜின்போது தொட முடியாத அளவு சூடேறும் செல் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். இவற்றின் முனைகளில் டேப் ஒட்டிவிட்டு மின்கழிவில் சேர்க்க வேண்டும்.

மீண்டும் பூட்டும்போது

மூடியின் ரப்பர் வளையத்தில் சிறிது சிலிகான் கிரீஸ் தடவலாம். பெட்ரோலியம் ஜெல்லி சிலவகை ரப்பரை ஊதச் செய்யும். கண்ணாடிக்குப் பின்னால் நீர்த்துளி தெரிந்தால், செல்களை எடுத்துவிட்டு, திறந்த நிலையில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஓரிரு நாள் வைத்த பிறகே பூட்ட வேண்டும். பூட்டியதும் விளக்கைப் போட்டு, குலுக்கி, முகம் மேலும் கீழுமாகத் திருப்பி, பின்மூடியைப் பக்கவாட்டில் அழுத்திப் பார்க்க வேண்டும். எந்த நிலையிலும் வெளிச்சம் துடிக்காவிட்டால் வேலை முடிந்தது. துடித்தால், எந்த அசைவில் துடிக்கிறதோ அந்த அசைவு தொடும் இணைப்பை மறுபடி கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும்.